சணல் கயிற்றில் ஒரு யட்சி: வாசகர் கேள்வி – பதில்

சணல் கயிற்றை முடிச்சுப் போட்டே ஆளுயரச் சிற்பங்களை எழுப்பியவர் மிருணாளினி முகர்ஜி (1949–2015). பிற்காலத்தில் சுடுமண்ணிலும் வெண்கலத்திலும் வேலை செய்தார். அவருடைய கலையைப் பற்றியும், அந்த வழியில் வீட்டில் கயிற்று வேலை செய்து பார்ப்பதைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

ஓவியம் படித்தவர் கயிற்றுக்கு எப்படி வந்தார்?
– கவின்கலை மாணவி, சென்னை

பம்பாயில் பிறந்தார். அப்பா ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி, அம்மா சிற்பி லீலா முகர்ஜி. டேராடூனிலும் சாந்திநிகேதனிலும் வளர்ந்ததால் காடும் தோட்டமும் பக்கத்திலேயே இருந்தன. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் ஓவியம் முடித்ததும் சுவரோவியப் பிரிவில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியர் கே.ஜி. சுப்ரமணியன்.

திருப்பம் அந்த வகுப்பில்தான் நடந்தது. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். கைத்தறி வாரியத்தில் பணியாற்றிய அனுபவமும் அவருக்கு உண்டு. நெசவு, பொம்மை, மண், ஓடு எதையும் ‘கைத்தொழில்’ என்று ஒதுக்கிவைக்க மாட்டார். சுவருக்கு வண்ணம்தான் பூச வேண்டும் என்ற கட்டாயம் அவர் வகுப்பில் கிடையாது. அப்படிச் சுவரில் தொங்கவிடக் கயிற்றை எடுத்த மாணவி, அதை விடவே இல்லை. 1972இல் செய்த ‘அணில்’ போன்ற தொடக்கக் காலப் படைப்புகள் சுவரைச் சார்ந்தவை. கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறு சுவரைவிட்டு முன்னே வந்தது, கூரையிலிருந்து தொங்கியது, கடைசியில் தரையில் தானே நின்றது. 1978இல் பிரிட்டிஷ் கவுன்சில் உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று சிற்பம் பயின்றார். அதற்குப் பின் வந்த எண்பதுகளின் படைப்புகளைத்தான் அவருடைய உச்சம் என்பேன்.

‘யட்சி’, ‘தேவி’, ‘நாகதேவதை’ என்று பெயர் வைத்திருக்கிறாரே, இவை வழிபாட்டுச் சிலைகளா?
– வாசகர், யாழ்ப்பாணம்

இல்லை. ஆகம அளவோ, கை முத்திரையோ, வாகனமோ இவற்றில் கிடையாது. பெயரைப் படித்துவிட்டு முகத்தைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் கோயிலில் கருவறையை நெருங்கும்போது வருகிற ஒருவித அச்சமும் ஈர்ப்பும் இவற்றின் முன் வரும். அந்த உணர்வுக்காகவே அந்தப் பெயர்கள்.

‘யட்சி’ (1984) முன் நின்றால் ஒரு கணம் பெண்ணுரு தெரியும். அடுத்த கணம் மடல் விரிந்த செடி தெரியும். ‘ஆரண்யானி’ ரிக் வேதத்தில் வரும் காட்டுத் தெய்வம். ‘வனஸ்ரீ’, ‘பாசந்தி’, ‘ஆதி புஷ்ப்’ எல்லாமே தாவரம், உடல், தெய்வம் என்ற மூன்றுக்கும் நடுவில் நிற்பவை. பூவின் பாலுறுப்பும் மனித உறுப்பும் ஒன்றையொன்று நினைவூட்டும்படி மடிப்புகளை அமைத்திருக்கிறார். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. வளம், பிறப்பு, வளர்ச்சி என்பவைதான் அவர் படைப்புகள் திரும்பத் திரும்பப் போகும் இடம்.

பூந்தொட்டி தொங்கவிடும் மேக்ரமே (கயிற்றை முடிச்சுப் போட்டுச் செய்யும் கைவேலை) உறியும் இதுவும் ஒன்றுதானே?
– வாசகி, மதுரை

முடிச்சு அதே இனம்தான், அது செய்யும் வேலை வேறு. உறியில் முடிச்சு பானையைத் தாங்குகிறது. இங்கே முடிச்சுதான் தோல், சதை, எலும்பில் பாதி. தறியும் இல்லை, ஊசியும் இல்லை. டெல்லிச் சந்தையில் வாங்கிய கயிற்றைத் தரம் பிரித்து, சாயம் தோய்த்து, உதவியாளரோடு கையாலேயே முடிந்தார். முன்கூட்டிய வரைபடம் கிடையாது. கயிறு எந்தப் பக்கம் வளைகிறதோ அதைப் பார்த்துத்தான் அடுத்த வரிசை. பெரிய படைப்பு ஒன்று முடிய ஒரு வருடம்கூட ஆகும். தரையில் நிற்பவற்றுக்கு உள்ளே இரும்புச் சட்டம் உண்டு.

போலந்தின் நார்ச் சிற்பி மக்தலேனா அபகானோவிச்சோடு இவரை ஒப்பிடுவது வழக்கம். அளவிலும் துணிச்சலிலும் ஒப்புமை சரிதான். ஆனால் அபகானோவிச் பழைய கப்பல் கயிறுகளைப் பிரித்து எடுத்த சைசல் (ஒருவகைக் கற்றாழை) நாரை நெய்தவர். மிருணாளினி முடிந்தவர். நெய்த துணி தொங்கும். நெருக்கி முடிந்த பரப்பு தானே விறைத்து நிற்கும். இரண்டு பேரின் உருவங்களும் வேறுபடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

அந்த மாதிரி குழிந்த, மடல் விரிந்த வடிவம் ஒன்றை நானே முடிந்து பார்க்க விரும்புகிறேன். எவ்வளவு கயிறு வேண்டும்? எப்படித் தொடங்குவது?
– வாசகி, திருச்சி

40 செ.மீ. உயரத்தில் ஒரு குடுவைப் பூ வடிவத்தோடு தொடங்குங்கள். 4 மி.மீ. தடிமன் சணல் கயிறு 120 மீட்டர் வேண்டும். எடை ஏறக்குறைய 1 கிலோ வரும். 8 செ.மீ. விட்டத்தில் ஒரு இரும்பு வளையம். அதற்குக் கட்டாயம் துருத்தடுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். அடிக்காமல் விட்டால் மழைக்காலத்தில் துரு கயிற்றில் ஏறி, போகாத கறையாகிவிடும்.

கயிற்றை 4 மீட்டர் துண்டுகளாக 24 வெட்டி, ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து வளையத்தில் மாட்டுங்கள். 48 இழைகள் தொங்கும். நான்கு நான்காகப் பிரித்தால் 12 கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் நடு இரண்டு இழைகள் சும்மா நிற்க, ஓர இரண்டும் அவற்றைச் சுற்றி முதலில் இடமிருந்து ஒரு முடிச்சு, பிறகு வலமிருந்து ஒரு முடிச்சு. இதுதான் சதுர முடிச்சு. அடுத்த வரிசையில் பக்கத்துக் கூட்டங்களிலிருந்து இரண்டிரண்டு இழை எடுத்துப் புதுக் கூட்டம் சேர்க்க வேண்டும். அப்போதுதான் துளையில்லாத பரப்பு கிடைக்கும், எல்லா இழையும் சமமாகச் செலவாகும்.

4 மீட்டர் என்பது வீண் கணக்கு அல்ல. முடிச்சுப் பரப்புக்கு, முடிந்த உயரத்தைப்போல் நான்கு மடங்கு இழை வேண்டும். மடித்து மாட்டுவதால் எட்டு மடங்கு. 40 செ.மீ.க்கு 3.2 மீட்டர் வரும். இறுக்கி முடிபவர்களுக்கு அது போதாது, கடைசியில் பிடித்து இழுக்கவும் ஒரு சாண் மிச்சம் வேண்டும்.

வடிவம் எங்கே பிறக்கிறது என்பதுதான் முக்கியம். பரப்பு விரிய வேண்டிய இடத்தில் புது இழை சேர்க்க வேண்டும்; குறுக வேண்டிய இடத்தில் ஒரு இழையை உள்பக்கம் ஒதுக்கிவிட வேண்டும். 15 செ.மீ. முடிந்ததும், மீதியிருக்கும் 24 மீட்டர் கயிற்றை 3 மீட்டராக 8 துண்டு வெட்டி, மடித்து, முன்பக்கக் கூட்டங்களில் மட்டும் சேர்த்துவிடுங்கள். பின்பக்கம் அப்படியே இருக்க, முன்பக்கம் இடம் போதாமல் வெளியே பிதுங்கி மடல்போல் சுருளும். எல்லாப் பக்கமும் சமமாகச் சேர்த்தால் வெறும் மணிதான் கிடைக்கும்.

வழக்கமாகக் கெடுவது மூன்று. முடிச்சை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்கினால் கூட்டம் திருகுப்படிபோல் முறுக்கிக்கொள்ளும். மாலையில் கை அசந்தபின் போடும் வரிசைகள் தளர்ந்து, அந்த இடத்தில் இடுப்பு ஒடிந்ததுபோல் உருவம் சரியும். அந்த வரிசைகளைத் தயங்காமல் பிரித்துவிடுங்கள். இழை நடுவில் தீர்ந்துபோனால் வெளியே முடிச்சுப்போட்டு நீட்டாதீர்கள். தீரப்போகும் இழையை நடு இழையாக்கி, புதியதைப் பக்கத்தில் படுக்கவைத்து, அடுத்த மூன்று முடிச்சுகள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்படி விட்டால் போதும்.

சணல் கயிற்றில் சாயம் திட்டுத் திட்டாக ஏறுகிறது, சில மாதத்தில் வெளுத்தும்விடுகிறது. ஏன்?
– வாசகர், ஈரோடு

திட்டுக்குக் காரணம் எண்ணெய். சணலை நூற்கும் ஆலையில் நார் இளக எண்ணெய்க் குழம்பு தெளிக்கிறார்கள். புதுக் கயிற்றில் வரும் அந்த வாடை அதுதான். எண்ணெய் உள்ள இடத்தில் சாயநீர் ஒட்டாது. கயிற்றைத் தளர்ந்த கண்டாகச் சுற்றி, சலவை சோடாவும் சோப்பும் கலந்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். பிறகு இரவு முழுக்க வெறும் தண்ணீரில் கிடக்கட்டும். உள்புரி நனையாமல் சாயத்தில் போட்டால், முடிச்சுப் போடும்போது முறுக்கு விலகி வெள்ளைக் கோடு தெரியும்.

வெளுப்புக்குக் காரணம் சாயத்தின் இனம். சணலில் லிக்னின் (நாருக்கு விறைப்புத் தரும் மரப்பொருள்) இருப்பதால் ‘பேசிக்’ என்ற இனத்துச் சாயங்கள் உடனே பளிச்சென்று பிடிக்கும். கடையிலும் மலிவாகக் கிடைக்கும். வெளிச்சத்தில் நிற்பது அவற்றால் ஆகாது. நாரோடு வேதிவினை புரிந்து ஒட்டிக்கொள்ளும் ரியாக்டிவ் சாயம் வாங்குங்கள், குளிர்நீரில் பிடிக்கும் ரகம். 1 கிலோ உலர்ந்த கயிற்றுக்கு 20 லிட்டர் தண்ணீர், 30 கிராம் சாயம், 1 கிலோ உப்பு. அரை மணி நேரம் புரட்டியபின் 200 கிராம் சோடா ஆஷை (நீரில்லாத சலவை சோடாப் பொடி) தனியாகக் கரைத்து ஊற்றி, இன்னும் ஒரு மணி நேரம். சோடா பொடியாக இல்லாமல் பளிங்குக் கட்டியாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் நீர்தான், அதனால் ஏறத்தாழ 540 கிராம் வேண்டும். சோடாவை முதலிலேயே சேர்த்தால் சாயம் நாருக்குள் போகுமுன் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். நீர் தெளியும்வரை அலசி, கடைசியில் சூடான சோப்பு நீரில் ஒரு முறை. சாயப்பொடியை அளக்கும்போது முகக்கவசம் போடுங்கள். மூச்சில் போனால் ஒவ்வாமை வரலாம்.

சணலின் சொந்த நிறமே பொன்பழுப்பு. மேலே ஏறும் நீலம் பச்சை கலந்து தெரியும், மஞ்சள் கடுகு நிறமாகும். தூய நிறத்துக்கு மல்லுக்கட்டாமல் இந்த மங்கலை ஏற்றுக்கொள்வதே நல்லது. மிருணாளினியின் காவி, கருஞ்சிவப்பு, ஆழ்ந்த ஊதா எல்லாம் இந்த மண்வாசனை கொண்ட நிறங்களே.

முடிச்சுப் போடுவதற்கு முன்பே சாயத்தை ஏற்றிவிடுங்கள். முறுக்குக் கயிறு நனைந்தால் நார் பருத்து நீளம் குறையும். முடித்த உருவத்தைத் தோய்த்தால் கோணிக்கொள்ளும்.

எங்கள் ஊரில் தென்னங்கயிறு தாராளம். அதில் செய்யலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

செய்யலாம், ஆனால் வேறு உருவம் வரும். சணல் தண்டின் பட்டையிலிருந்து உரியும் நீள நார். மென்மையானது, நெருங்கி அமரும். தேங்காய் நார் ஒரு சாண் அளவுதான், லிக்னின் அதிகம், விறைப்பு அதிகம். முடிச்சு இறுகாது, கை கிழியும், மெல்லிய மடிப்பு வராது. பெரிய, திறந்த கண்ணிகள் கொண்ட வடிவத்துக்குச் சரி. ஈரத்தைத் தாங்குவதிலும் மட்காமல் நிற்பதிலும் சணலைவிடத் தென்னை மேல், ஆகவே முற்றத்தில் வைக்க அதையே எடுங்கள்.

அவர் வாழ்நாளில் உரிய மதிப்புக் கிடைத்ததா?
– வாசகி, கோவை

கிடைத்தது, தாமதமாக. கயிறு என்றதும் ‘கைவினை’ என்ற பெட்டியில் போட்டுவிடும் பழக்கம் அவரை நெடுநாள் துரத்தியது. 1986இல் சிட்னி பினாலேயில் (இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி) பங்கேற்றார். 1994இல் ஆக்ஸ்ஃபோர்டு நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி நடந்தது. டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் முழு வாழ்நாள் பணியையும் காட்டும் கண்காட்சி 2015 ஜனவரியில்தான் தொடங்கியது. பிப்ரவரி 2 அன்று அவர் காலமானார். 2019இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிளையாக இருந்த மெட் புரோயரில் பெருங்கண்காட்சி, 2022 வெனிஸ் பினாலே எல்லாம் அதன் பிறகு. லண்டன் போகிறவர்கள் டேட் அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ள ‘ஜவ்பா’ (2000) அப்போது காட்சியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

அவர் பதில் சொல்லி வாதாடியதைவிட, வேலையின் அளவாலேயே அந்தப் பெட்டியை உடைத்தார் என்பதே என் கருத்து. ஆளுக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஒன்றை யாரும் மேசை விரிப்போடு சேர்க்க முடியாது.

பிறகு ஏன் வெண்கலம்? எங்கள் சுவாமிமலை வார்ப்புக்கும் அவர் வார்ப்புக்கும் என்ன வேறுபாடு?
– வாசகர், கும்பகோணம்

நடுவில் மண் இருக்கிறது. 1996இல் நெதர்லாந்தின் ஐரோப்பிய மண்பாண்டப் பணி மையத்தில் தங்கிச் சுடுமண் சிற்பங்கள் செய்தார். 2003 முதல் வெண்கலம். முறை இரண்டிலும் ஒன்றே: மெழுகில் உரு, மேலே மண், சூட்டில் மெழுகு வெளியேற, அந்த இடத்தில் உலோகம். மெழுகு போய்விட்டால் ஒன்றுக்கு ஒன்றுதான், இரண்டாவது படி கிடையாது. சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து விறைப்பாக்கி, சிற்ப நூல் சொல்லும் தாலமான (உடல் விகித) அளவில் உருவை அமைத்து, வார்த்தபின் உளியால் செதுக்கி மெருகிடுகிறார்கள். மிருணாளினிக்கு அளவு நூல் இல்லை. மெழுகைக் கையால் தட்டி, மடித்து, இலைபோலச் சுருட்டினார். விரல் பட்ட தடமும் உலோகத்தில் தங்கியது. கடைசிக் காலத்து ‘பாம்ஸ்கேப்’ வரிசையில் அந்த மடிப்புகள் பழைய கயிற்று மடல்களின் நேர் வாரிசுகள்.

வார்க்க நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு கணக்கு: வெண்கலம் மெழுகைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனம். 1 கிலோ மெழுகு உருவுக்கு 9 கிலோ உலோகம், உலோகம் ஊற்றும் வழிகளுக்கும் காற்றுப்போக்கிகளுக்கும் தனியாக இன்னும் கொஞ்சம். குறைத்து உருக்கினால் பாதி வழியில் உறைந்து, மடலின் நுனி வராமலே போகும்.

வீட்டில் வைத்திருக்கும் கயிற்றுச் சிற்பம் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சை முளைக்கும். சுவரை ஒட்டி வைக்காமல் ஐந்து விரல்கடை தள்ளி வையுங்கள். மின்விசிறிக் காற்று பின்புறமும் போக வேண்டும். அந்துருண்டை தேவையில்லை: கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சி சணலைத் தொடாது. பயப்பட வேண்டியது கரையானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும்தான், ஆகவே தரையில் நேராக வைக்காதீர்கள். சாயமிட்டதாக இருந்தால் ஜன்னல் வெயில் படக்கூடாது. சாயத் துணிகளுக்கு அருங்காட்சியகங்கள் அனுமதிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு).

பூஞ்சை வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், அது வித்துகளை உள்ளே அழுத்திவிடும். முதலில் நிழலில், காற்றோட்டத்தில் நன்றாக உலரவிட்டு, வாக்குவம் கிளீனர் முனையில் கொசுவலைத் துண்டைக் கட்டி, குறைந்த இழுப்பில் வைத்து, மென்மையான தூரிகையால் தூசியை அதன் பக்கம் தள்ளி எடுங்கள். மடிப்புகளின் உள்பக்கத்தை மறக்க வேண்டாம். பூஞ்சை முதலில் குடியேறுவது அங்கேதான்.