ரான்சுக்குக் கூப்பிட்டால் போய் வாருங்கள், தம்பி

சான் அன்டோனியோவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, கூட வேலை செய்பவர் கெர்வில் ஊர் மலைப்பக்கம் இருக்கும் தன் குடும்ப ரான்சுக்கு, அதாவது பெரிய மாட்டுப் பண்ணைக்குக் கூப்பிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். மாடு வளர்க்கிறவர்கள் எதற்கு வேட்டைக்கும் ஆள் விடுகிறார்கள், குழந்தைகளோடு போகலாமா என்பது உங்கள் கேள்வி. தாராளமாகப் போங்கள். எனக்கு இங்கே இருபத்திரண்டு வருடம் ஆகிறது. டெக்சாஸ்காரர்களை எனக்குப் புரியவைத்தது அந்த மலைப்பக்கம்தான்.

அங்கே பெயர்பெற்ற ஒய்.ஓ. ரான்சின் கதையைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பிரான்சின் அல்சாஸ் பகுதியிலிருந்து 1852ல் பெற்றோருடன் சிறுவனாக வந்தவர் சார்ல்ஸ் ஷ்ரைனர். 1869ல் கெர்வில்லில் கடை போட்டார். 1880ல் ஒய்.ஓ. நிலத்தை வாங்கினார். கடைசியில் அவர் கையில் 5 லட்சம் ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. அப்புறம் நம் ஊர்க் கதைதான்: பாகப்பிரிவினை. எட்டுப் பிள்ளைகளுக்கு நிலம் பிரிந்தது. ஒய்.ஓ. வால்டர் என்ற மகனுக்கு வந்தது. 1933ல் அவர் இறந்த பிறகு மனைவி மர்ட்டில் பண்ணையைக் கட்டிக்காத்தார்.

அது சுண்ணாம்புக்கல் பூமி. மேல்மண் ஒரு சாண்கூட இருக்காது. 1950 முதல் 1957 வரை மழை பொய்த்தபோது மாட்டை நம்பி மட்டும் பிழைக்க முடியவில்லை. அப்போது வால்டரின் மகன், தாத்தா பெயரையே கொண்ட சார்ல்ஸ், வேட்டைக்காரர்களிடம் கட்டணம் வாங்கி உள்ளே விட்டார், வெளிநாட்டு மான்களையும் கொண்டுவந்து பெருக்கினார். அழியும் நிலையில் இருந்த லாங்ஹார்ன் என்ற நீளக் கொம்பு மாடுகளுக்காக 1964ல் சங்கம் தொடங்கியவரும் அவரே. அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு மாட்டை விற்காமல் வைத்திருக்க வேட்டைப் பணம்தான் கைகொடுத்தது. இங்கே நிலம் பெரும்பாலும் தனியாருடையது. காட்டு மான் மாநிலத்துச் சொத்து என்றாலும், வேலிக்குள் நுழைய நிலக்காரர் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்குத்தான் காசு.

நான் முதன்முதலில் போனபோது வேலியோரம் முறுக்குக் கொம்போடு ஒரு வெளிமான் நின்றது. கிண்டியில் பார்த்த அதே மான்! நம் நாட்டில் சட்டம் காக்கும் விலங்கை இங்கே வேட்டைக்கென்று வளர்க்கிறார்களே என்று அன்று மனசு கனத்தது. இன்றும் எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தாரைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவு செய்தும் ஒய்.ஓ.வின் தலைமைப் பண்ணை 2015ல் விலைபோனது. நிலத்தை விட்டுக்கொடுப்பதன் வலி நம்மில் பல வீடுகளுக்குத் தெரியும்.

சரி, போகும்போது சில விஷயம். எத்தனை ஏக்கர், எத்தனை மாடு என்று கேட்காதீர்கள். அது வங்கிக் கணக்கைக் கேட்பது மாதிரி. கேட் திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விடுங்கள். நவம்பர் தொடங்கினால் மான் சீசன், அதனால் குழந்தைகளைத் தனியே புதர்ப்பக்கம் விடவேண்டாம். துப்பாக்கி வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், யாரும் வருந்தமாட்டார்கள். வீட்டுப் பெரியவர் இருந்தால், பண்ணை எப்படிக் கைக்கு வந்தது என்று மட்டும் கேளுங்கள். மதியச் சாப்பாடு ஆறிப்போகும், அவ்வளவு சொல்வார்.