திம்பத்தில் ஆர்.பி.எம். ஏறுது, வண்டி ஏற மாட்டேங்குது

கேள்வி: காங்கேயத்திலிருந்து எழுதுறேனுங்க. 2017 மாடல் ஏழு சீட் டீசல் வண்டி, ஆட்டோமேட்டிக். ரெண்டு வருஷம் முன்னால செகண்ட் ஹேண்டில் வாங்கினது, இப்போ 1,42,000 கிலோமீட்டர். போன மாசம் குடும்பத்தோட பண்ணாரி போயிட்டு அப்படியே திம்பம் ஏறினோம். பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டினதும், மிதிச்சா முள் 2,000-லிருந்து 3,500-க்குத் துள்ளுது, வண்டி மட்டும் நகர மாட்டேங்குது. கீழே வந்ததும் ஒழுங்கா ஓடுச்சு. ஆனா இப்போ காலையில ரிவர்ஸ் போட்டா ரெண்டு மூணு விநாடி கழிச்சுத்தான் 'டொக்'னு பிடிக்குது. ஒரு பட்டறையில கியர்பாக்ஸ் மாத்தணும், 1,80,000 ஆகும்ங்கறாங்க. இன்னொருத்தர் ஆயில் மாத்தினா போதும்ங்கறார். சித்தப்பாவோ பழைய ஆட்டோமேட்டிக்குல ஆயிலைத் தொட்டா மறுநாளே பெட்டி போயிடும்ங்கறார். யார் பேச்சைக் கேக்கறது?

பதில்: மூணு பேரில் ஒருத்தராவது வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். (கம்பெனி பேரையும் பட்டறை பேரையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன், கோவிச்சுக்காதீங்க.)

முதலில் உங்கள் பெட்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். ஆட்டோமேட்டிக் என்று விற்பதில் ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதித்து கியர் மாற்றுகிற வேலையை மெஷின் செய்கிறது, அதில் வழுக்கினால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும், அது வேறு கணக்கு. நீங்கள் எழுதிய மாடலை வைத்துப் பார்த்தால் உங்களுடையது டார்க் கன்வெர்ட்டர் வகை. இதில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே சக்தியைக் கடத்துவதே ஆயில்தான். உள்ளே இருக்கிற கிளட்ச்சுகளை இறுக்கிப் பிடிப்பதும் அதே ஆயிலின் அழுத்தம். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கும். மேட்டில் வண்டி சாயும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்குவதால் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். அதனால் திம்பத்தில் வழுக்கி சமவெளியில் ஓடியது என்றதும் என் முதல் சந்தேகம் ஆயில் அளவு மேல்தான். காலையில் ரிவர்ஸ் தாமதமாகப் பிடிப்பதும் அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் உள்ளே சீல்கள் இறுகிப்போயிருந்தாலும் இதே மாதிரிதான் தாமதிக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

எஞ்சின் ஆயில் மாதிரி இது எரிந்து குறைகிற சமாச்சாரம் இல்லை. குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். என் மச்சான் வண்டிக்கும் இப்படித்தான் ஒரு பட்டறையில் 'பாக்ஸ் போச்சு' என்று சொல்லிவிட்டார்கள். வேறொரு இடத்தில் ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தால் ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குப் போகிற குழாயில் கிளாம்ப் தளர்ந்து, அந்தப் பக்கம் முழுக்க ஆயிலும் புழுதியும் சேர்ந்து எருமை மேல் சேறு மாதிரி அப்பியிருந்தது. கிளாம்ப் மாற்றி ஆயில் ஊற்றினார்கள், வண்டி இன்னும் ஓடுகிறது. எல்லோருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்கும் என்று சொல்லவில்லை, பார்க்காமல் 1,80,000 கொடுக்காதீர்கள் என்கிறேன்.

அளவு பார்ப்பதிலும் விஷயம் இருக்கிறது. உங்கள் வண்டி காலத்து ஆட்டோமேட்டிக் பலவற்றில் பெட்டிக்கு டிப்ஸ்டிக்கே (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) கிடையாது. ராம்ப்பில் சமமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் சூடு கம்பெனி சொன்ன அளவுக்கு வந்ததும் அடியில் இருக்கிற செக் பிளக்கைக் கழற்றினால் மெல்லிய நூலாக வழிய வேண்டும். ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) சூடு பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். அப்படி வழிகிற ஆயிலில் ரெண்டு சொட்டு வெள்ளை டிஷ்யூவில் விட்டுப் பாருங்கள். சிவப்பாகவோ லேசான பழுப்பாகவோ பரவினால் நல்ல சேதி. கருத்து, அடிப்பிடிச்ச சட்டி மாதிரி வாடை வந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டருக்குள்ளேயே கூலன்ட்டும் ஆயிலும் கலந்துவிட்டது, அதன் பிறகு வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்.

அப்புறம் ஆயில் பேனை (பெட்டிக்கு அடியில் ஆயில் தங்குகிற தட்டு) கழற்றச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி களிம்பு இருந்தால் இத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு அது சகஜம். விரலில் குத்துகிற இரும்புத் துகளோ, கறுப்பாகக் கிளட்ச் துணுக்குகளோ கிடந்தால் பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும், ஆயில் மாற்றி ஏமாற்ற முடியாது. ஸ்கேனும் போடச் சொல்லுங்கள். பி0730 வரிசையில் பழுதுக் குறியீடு வந்தால் கியர் விகிதம் சரியாக வரவில்லை, அதாவது நிஜமாகவே வழுக்குகிறது. பி0741 வந்தால் கன்வெர்ட்டர் லாக்-அப் (சீராக ஓடும்போது எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பூட்டுகிற கிளட்ச்) பக்கம் தகராறு. குறியீடு எதுவும் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

சித்தப்பா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஏற்கெனவே கிளட்ச் தேய்ந்து வழுக்குகிற பெட்டியில் புது ஆயில் விட்டால் தேய்ந்தது வளராது, அது எப்படியும் போகிற பெட்டிதான், பழி மட்டும் ஆயில் மேல் விழும். ஆயில் மாற்றுவதென்றால் மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் பண்ண வேண்டாம். வடித்து ஊற்றுங்கள். கன்வெர்ட்டருக்குள் இருப்பது வடியாது என்பதால் ஒரு தடவைக்குப் பாதி கூட மாறாது, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு தடவை, முடிந்தால் மூணாவது தடவை. பில்டர், பேன் கேஸ்கெட் கட்டாயம். மேனுவலில் எழுதியிருக்கும் ஆயிலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம், 'எல்லா வண்டிக்கும் சேரும்' என்கிற டப்பாவும், வழுக்கலை நிறுத்தும் மருந்து என்று விற்கிற குப்பியும் காசுக்குக் கேடு.

அதுவரை மலைப்பக்கம் போகாதீர்கள். வழுக்குகிற கிளட்ச் சூடாகும், சூட்டில் ஆயில் கெடும், கெட்ட ஆயில் இன்னும் வழுக்கும். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடாது, உள்ளே ஆயில் சுற்றாது. நாலு சக்கரமும் தூக்குகிற ஃபிளாட்பெட் லாரியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சிங்க. பழைய ஆட்டோமேட்டிக் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

பதில்: நீங்கள் போகும்வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ், பிறகு டிரைவ், ஒரு விநாடிக்குள் பிடிக்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், கடைத்தெருவில் ஒரு சுற்று போதாது. ஆழியார் பக்கத்திலேயே இருக்கிறது, வால்பாறை ரோட்டில் நாற்பது வளைவில் நாலைந்து ஏறினாலே சூடான பெட்டியின் யோக்கியதை தெரிந்துவிடும். 60-லிருந்து 80 வேகத்தில் ஒரே சீராகப் போகும்போது ஸ்டியரிங்கில் வேகத்தடைக் கோடுகள் மேல் போகிற மாதிரி அதிர்வு வந்தால் அது வழுக்கல் இல்லை, கன்வெர்ட்டர் லாக்-அப் நடுக்கம். பல வண்டிகளில் ஆயில் மாற்றியே சரியாகிவிடும், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். ஆயில் மாற்றிய பில் கேளுங்கள். 'ஆயுசுக்கும் ஆயில்' என்று கதை சொன்னால், மலையும் வெயிலும் பார்க்கிற வண்டிக்கு 60,000–80,000 கிலோமீட்டரில் மாற்றுவதுதான் புத்தி.

கேள்வி: கடையில் 'கியர்பாக்ஸ் ஓகே' என்று சொல்லி விற்றார்கள், பத்தே நாளில் வழுக்குகிறது. கேட்டால் பழைய வண்டி அப்படித்தான் என்கிறார்கள். எங்கே போவது?

பதில்: வாங்கியது வியாபாரியிடம் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. தனியாள் தன் சொந்த வண்டியை விற்றிருந்தால் இந்த வழி சிரமம். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், இன்னொரு பட்டறையில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு பழுது என்னவென்று எழுத்தில் வாங்குங்கள், மெக்கானிக் வாயால் சொன்னது போதாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதியுங்கள், அதற்கே இறங்கி வருகிற கடைக்காரர்கள் உண்டு. வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், வண்டி எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கோபத்தில் பெட்டியை முன்கூட்டியே பிரித்துவிடாதீர்கள், பிரித்தபின் 'உங்க மெக்கானிக்தான் கெடுத்தார்' என்று அவர்கள் சொல்வார்கள்.