துபாய் சம்பளத்துக்கு அமெரிக்க வரி: 330 நாள் கணக்கு

கேள்வி: நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். 2025 ஆகஸ்ட் 10 அன்று டல்லாஸிலிருந்து துபாய்க்கு வந்து, இங்குள்ள நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆண்டுச் சம்பளம் 1,50,000 டாலர். அதன்பின் அமெரிக்கா போகவில்லை. 1,30,000 டாலர் வரை வரி இல்லை, ரிட்டர்னே போட வேண்டாம் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். சரிதானா? 2026 மே மாதம் தங்கை கல்யாணத்துக்கு டல்லாஸ் போக வேண்டும்.

பதில்: ரிட்டர்ன் கண்டிப்பாகப் போட வேண்டும். வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கான இந்த வரி விலக்கு தானாகக் கிடைக்காது. ரிட்டர்னோடு படிவம் 2555-ஐ இணைத்து நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். துபாயில் வருமான வரி இல்லை என்பதால், அங்கே கட்டிய வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளும் வழி உங்களுக்கு உதவாது. விலக்குதான் உங்களுக்கு வழி.

1,30,000 என்பது 2025-இன் முழு ஆண்டு வரம்பு. உங்களுக்கு நாள் கணக்குப்படிதான் கிடைக்கும். தொடர்ந்து வரும் ஏதாவது 12 மாதங்களில் 330 முழு நாட்கள் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். முழு நாள் என்றால் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. எனவே நீங்கள் வந்து இறங்கிய நாள் சேராது; ஆகஸ்ட் 11-தான் முதல் நாள்.

பலர் அந்த 12 மாதங்களையும் அன்றே தொடங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த 12 மாதங்களில் 2025-க்குள் விழுவது 143 நாட்கள்; 365-க்கு 143 என்ற விகிதத்தில் விலக்கு சுமார் 50,930 டாலர். உங்கள் துபாய்ச் சம்பளமோ டிசம்பர் வரை ஏறக்குறைய 59,200. மீதிக்கு வரி விழும்.

ஆனால் 365-இல் 330 போக 35 நாட்கள் கையில் இருக்கின்றன. அவற்றை முன்பக்கம் தள்ளி, நீங்கள் டல்லாஸில் இருந்த ஜூலை 7-லிருந்தே 12 மாதங்களைத் தொடங்கலாம். சட்டம் இதை அனுமதிக்கிறது. அப்போது 178 நாட்கள், விலக்கு சுமார் 63,400. துபாய்ச் சம்பளம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

சரி, கல்யாணம்? தாராளமாகப் போய் வாருங்கள். கிளம்பும் நாள், திரும்பி இறங்கும் நாள் இரண்டையும் சேர்த்து 10 நாட்கள் என்றால், அவை அந்த 35-இல் கழிந்து, தொடக்கத் தேதி ஜூலை 17-க்கு நகரும். 168 நாட்கள், சுமார் 59,800 டாலர். அப்போதும் முழுச் சம்பளமும் தப்பும். இரண்டு வாரம் தங்கினால் தப்பாது. டிக்கெட் போடும்முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் முத்திரைகளையும் விமான டிக்கெட்டுகளையும் பத்திரமாக வையுங்கள்.

330 நாட்கள் முடிய ஜூலை ஆகிவிடும். அதனால் ஜூன் 15-க்குள் படிவம் 2350 மூலம் கூடுதல் அவகாசம் கேளுங்கள். கட்ட வேண்டிய வரி ஏதும் இருந்தால் ஏப்ரல் 15 முதல் வட்டி ஓடும்.

அப்புறம், விலக்கு உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கு மட்டும்தான். சென்னையில் என்ஆர்இ டெபாசிட் வைத்திருந்தால், இந்தியாவில் வரியில்லாத அந்த வட்டிக்கு அமெரிக்காவில் வரி உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளில் உள்ள மொத்தத் தொகை ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையைத் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளம் வரும் துபாய்க் கணக்கும் அதில் சேரும்.