பேராதனைப் பூங்காவில் மரங்களைத் தவிர என்ன இருக்கிறது?

கண்டிக்குப் போகிறோம், பேராதனை தாவரவியல் பூங்காவுக்கு அரை நாள் ஒதுக்கலாமா, வெறும் மரங்கள்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். மரங்கள்தான். ஆனால் நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன், அந்தப் பூங்காவின் கதை எனக்கு எங்கள் குடும்பக் கதை மாதிரி. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மகாவலி மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிற 147 ஏக்கர் நிலம் அது. கண்டி மன்னர்கள் காலத்திலேயே அரச தோட்டமாக இருந்தது. கண்டி வெள்ளைக்காரர் கைக்குப் போன பிறகு, 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவர் அங்கே தாவரவியல் தோட்டம் போட்டு, கோப்பியும் கறுவாவும் நட்டார். இதைத்தான் கவனிக்க வேண்டும். ஜனங்கள் சுற்றிப் பார்ப்பதற்காக அவர்கள் அதை உண்டாக்கவில்லை, இந்த மண்ணில் எந்தப் பயிர் காசாகும் என்று பார்ப்பதற்காக உண்டாக்கினார்கள்.

மலைநாட்டில் கோப்பி பெருகியபோதுதான் எங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து மன்னாரில் வந்து இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி மாதிரி ஒரு நோய் கண்டது. அப்போது பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த துவைட்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பிய இலைகளை வைத்துத்தான் அந்தப் பூஞ்சைக்குப் பெயரே வைத்தார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி வந்து இரண்டு வருடம் ஆராய்ந்து, அது எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடித்தார். ஆனால் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. சரி, அடுத்து என்ன? தேயிலைச் செடி 1824இலேயே சீனாவிலிருந்து இந்தப் பூங்காவுக்கு வந்துவிட்டது, 1839இல் அசாம் செடியும் வந்தது. பூங்காவிலிருந்து விதை வாங்கிய ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத் துரை 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அந்தத் தேயிலைதான் பின்னால் மலை முழுக்கப் படர்ந்தது. என் அப்பாயி, அப்பாவின் அம்மா, நாற்பது வருடம் கொழுந்து பறித்ததற்கும் அந்தப் பூங்காவுக்கும் நேரான தொடர்பு இருக்கிறது. 1876இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து றப்பர் கன்றுகள் வந்தபோதும் பேராதனையின் பொறுப்பில்தான் வளர்த்தார்கள், ஆனால் வெக்கை வேண்டும் என்பதால் கம்பகா பக்கம் ஹெனரத்கொடையில் நட்டார்கள்.

அப்பாயியை ஒருமுறை கூட்டிப்போனேன். வாசனைத் திரவியத் தோட்டத்தில் கீழே விழுந்து வெடித்துக் கிடந்த ஒரு சாதிக்காயைக் குனிந்து எடுத்தார். மஞ்சள் தோலுக்குள் கறுப்புக் கொட்டை, அதைச் சுற்றி ரத்தச் சிவப்பில் வலை பின்னிய மாதிரி வசுவாசி, சாதிபத்திரி என்பார்களே அதுதான். நகத்தால் கீறி மோந்து பார்த்து, "இத்தனை வருசமா பொடியாத்தான்டா பாத்திருக்கேன்" என்றார். வாசல் வரைக்கும் விரலை மோந்துகொண்டே வந்தார்.

பார்க்கச் சொல்வேனானால், முதலில் புல்வெளி நடுவே நிற்கும் ஜாவா அத்தி. ஒற்றை மரம், தூரத்திலிருந்து பார்த்தால் சிறு தோப்பு மாதிரி இருக்கும், கிளைக்கு அடியில் போனால் வேர்கள் தரையில் பாம்பு பாம்பாக ஓடும். அப்புறம் பனை வகைகள் வரிசை கட்டி நிற்கும் சாலைகள், அவசரப்படாமல் நடக்க வேண்டும். இரட்டைத் தேங்காய் மரம் சீஷெல்ஸ் தீவுகளைச் சேர்ந்தது, உலகிலேயே பெரிய விதை அதனுடையதுதான். ரஷ்ய இளவரசர் நிக்கலஸ் 1891இல் நட்ட நாகமரத்தையும் காட்டுவார்கள். ஓர்க்கிட் வீடு அழகுதான், ஆனால் எப்போதும் கூட்டம்.

எனக்குப் பிடித்தது ஆற்றங்கரை மூங்கில்கள். மழைக்காலத்தில் புதுக் குருத்து தொடை தடிப்பில் தரையைப் பிளந்துகொண்டு வரும், மேலே கபில நிற உறை, அதில் சுணை இருக்கும், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். வளர்ந்த தண்டுகளில் ஆட்கள் பேர் கீறி வைத்திருப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

காலையிலேயே போய்விடுங்கள், பின்னேரம் பெரும்பாலும் மழை. மரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய வௌவால் கூட்டத்துக்கு நேர் கீழே மட்டும் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.