நெடுந்தூர நடைப்பயணத்துக்கு மெரினோ உள்ளாடை: கேள்வி பதில்

வரும் பருவத்தில் அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட், அப்பலாச்சியன் பாதைகளிலும் நியூசிலாந்தின் டெ அராரோவாவிலும் நடக்கவிருக்கும் நண்பர்கள் மெரினோ இன ஆட்டின் மென்கம்பளியால் ஆன உள்ளாடை குறித்துப் பல கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். ஒத்த கேள்விகளைச் சேர்த்து விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: ஏப்ரலில் மெக்சிகோ எல்லையிலிருந்து பசிபிக் கிரெஸ்ட் பாதையில் புறப்படுகிறேன். முதல் 1,100 கிலோமீட்டர் பெரும்பாலும் வறண்ட நிலம் என்கிறார்கள். அந்த வெயிலில் கம்பளி எதற்கு? பருத்தி போதாதா ஐயா?

போதாது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தாலே கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நீரை இழைக்குள் வைத்திருக்கும். பருத்தி அதில் பாதியளவும், பாலியஸ்டர் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவும் வைத்திருக்கும். காற்றில் ஈரம் கூடக்கூடக் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஏற்றுக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. வியர்வை ஆவியாக இருக்கும்போதே இழை அதை உள்வாங்கிவிடுவதால் தோல் நெடுநேரம் உலர்ந்திருக்கிறது. பருத்தியோ வியர்வையை நீராகவே உறிஞ்சித் தோலோடு ஒட்டிக் கிடக்கும். ஊறிய தோல் எளிதில் உரிந்துவிடும்.

ஆயினும், வியர்வை வழிந்தோடும் நண்பகல் ஏற்றத்தில் மெரினோவும் நனையத்தான் செய்யும். ஆகவே மெல்லிய துணியாகத் தேர்ந்தெடுங்கள். வறண்ட நிலத்தைக் கடந்ததும் சியரா நெவாடா மலைத்தொடரின் பனி வந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வெயில், பனி இரண்டுக்கும் ஒரே ஆடை ஈடுகொடுக்க வேண்டுமென்றால் மெல்லிய மெரினோவைவிடப் பொருத்தமான துணி எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: நான் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். 17.5 மைக்ரான், 150 ஜிஎஸ்எம், மெரினோ 83, நைலான் 12, எலாஸ்டேன் 5 சதவீதம் என்று ஓர் உள்ளாடையின் விவரச்சீட்டில் பார்த்தேன். நூறு சதவீதம் மெரினோ என்றிருந்தால்தானே நல்லது?

இந்தக் கேள்விக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் வணிகப் பெயரைப் பார்த்து வாங்குவோர் பலர், அந்தச் சிறிய சீட்டைப் படிப்போர் சிலர்.

மைக்ரான் என்பது இழையின் தடிமனைக் குறிக்கும் அலகு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடி பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். கம்பளி அரிக்கிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒவ்வாமை அன்று. 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகளின் முனைகள் வளைந்து கொடுக்காமல் தோலைக் குத்துவதே காரணம். 19 மைக்ரானுக்குக் கீழ் இருந்தால் இழை வளைந்துவிடும். எனவே பெரும்பாலோருக்கு உறுத்தாது. ஆனால் மெலிந்த இழை விரைவில் தேயும். உள்ளாடைக்கு 17 முதல் 19 வரை என்பதே என் பரிந்துரை. அதற்கும் மெல்லியதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதில் மலைப்பாதையில் பயன் இல்லை.

ஜிஎஸ்எம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. உள்ளாடைக்கு 120 முதல் 160 வரை போதும். 200க்கு மேற்பட்டது குளிர்காலத்தில் மேலாடைக்கு உள்ளே அணியும் சட்டைக்கானது.

இனி நூறு சதவீதம். நனைந்தால் பருத்தியின் வலு கூடும், கம்பளியின் வலு குறையும். நடப்பவரின் உள்ளாடை நாள் முழுதும் ஈரத்திலேயே தொடைகளுக்கிடையிலும் முதுகுப்பையின் இடுப்புப் பட்டைக்கு அடியிலும் தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்த இரண்டு இடங்களில்தான் முதல் ஓட்டை விழும். அதனால் மெல்லிய நைலான் இழையை நடுவில் வைத்து அதைச் சுற்றி மெரினோவைச் சுற்றி நூற்ற நூல் சிறந்தது. வலுவை நைலான் தாங்கும், தோலில் படுவது கம்பளியாகவே இருக்கும். எலாஸ்டேன் ஐந்து சதவீதம் இருந்தால் ஆடை தொளதொளவென்று தளராமல் வடிவத்துக்குத் திரும்பும். நீங்கள் பார்த்த சீட்டில் உள்ள கலவை மிக நல்ல கலவை. மெரினோ பாதிக்கும் கீழே இறங்கினால், கம்பளிக்கென்று கொடுக்கும் பணம் வீண்.

கேள்வி: ஜூலை மாதப் புழுக்கத்தில் அப்பலாச்சியன் பாதையில் நடந்தபோது தொடை உரசிப் புண்ணாகி ஊருக்கு இறங்க நேர்ந்தது. மெரினோவுக்கு மாறினால் சரியாகுமா அண்ணா?

துணியை மாற்றுவதால் மட்டும் சரியாகாது தம்பி. உரசலுக்குக் காரணங்கள் மூன்று: தோலோடு தோல் படுவது, தையல் மேடு, வியர்வை உலர்ந்து படியும் உப்பு. முதலாவதற்குத் தொடையை மூடும் நீளக் கால் வேண்டும். உட்புறத் தையல் நீளம் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கட்டும். வாங்கியதும் அணிந்து, வீட்டு மாடிப்படிகளில் பலமுறை ஏறி இறங்குங்கள். கால் பகுதி மேலே சுருண்டு ஏறினால் அந்த அளவோ வெட்டோ உங்களுக்கு உரியதன்று. இரண்டாவதற்கு மேடில்லாமல் தட்டையாக அமையும் ஃபிளாட்லாக் தையல் உள்ளதையும், கவட்டின் நடுவே தையல்கள் வந்து கூடாமல் தனித் துணித்துண்டு வைத்துத் தைத்ததையும் பாருங்கள். இடுப்பு எலாஸ்டிக் அகலமாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். எடை ஏற்றிய பையை மாட்டிப் பார்க்காமல் இதை முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. நண்பகல் ஓய்வில் தொடையிடுக்கை ஒரு கை நீரால் கழுவித் துடைத்து உலரவிட்டு, உரசல் தடுப்புக் களிம்போ வாசலினோ தடவிக்கொண்டு புறப்படுங்கள். எரிச்சல் தொடங்கிய உடனேயே நின்று இதைச் செய்ய வேண்டும். மாலையில் கூடாரம் போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், மறுநாள் நடை கெட்டுவிடும். தோல் ஏற்கெனவே சிவந்திருந்தால் இரவில் துத்தநாக ஆக்சைடு களிம்பு நன்கு உதவும்.

கேள்வி: டெ அராரோவாவில் மழையும் ஆறுகளும் அதிகம். மெரினோ மெதுவாகத்தான் உலரும் என்கிறார்களே?

உண்மைதான், பாலியஸ்டரைவிட மெதுவாகவே உலரும். நைன்டி மைல் கடற்கரையின் சுமார் 88 கிலோமீட்டர் மணலிலும் உப்புக்காற்றிலும் தொடங்கி, நார்த்லாந்தின் சேற்றுக் காடுகள், தென்தீவின் பாலமில்லா ஆறுகள் என்று செல்லும் பாதை அது. நாளுக்குப் பலமுறை தொடையளவு நீரில் இறங்குவோர், பகலில் மெல்லிய நைலான் உள்ளாடையும் இரவில் மெரினோவும் அணிவதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். மெரினோ மட்டுமே என்று முடிவு செய்தால் 120 ஜிஎஸ்எம் அளவிலான கலவைத் துணியை எடுங்கள். பிழியும்போது முறுக்காமல் துண்டுக்குள் சுருட்டி அழுத்துங்கள். உறங்குவதற்கான உலர்ந்த உள்ளாடையை நீர்புகாப் பையில் தனியே வையுங்கள். எவ்வளவு மழை பெய்தாலும் அதைப் பகலில் அணியாதீர்கள்.

கேள்வி: மெரினோ கிருமிகளைக் கொல்லும், ஒரு வாரம் துவைக்காமல் அணியலாம் என்று விளம்பரம் பார்த்தேன். சரியா?

சரியன்று. வியர்வையின் நாற்றமூட்டும் பொருள்களைக் கம்பளி இழை உள்ளே பிடித்து வைத்துக்கொள்வதால் வாடை குறைவாக வெளிவருகிறது. பாக்டீரியா அங்கேயே உயிரோடுதான் இருக்கும். சட்டையை நான்கு நாள் அணிவது வேறு, உள்ளாடை வேறு. நாள்தோறும் அலசுங்கள். மூன்று போதும்: மாற்றி மாற்றி அணிய இரண்டு, உறக்கத்துக்கு ஒன்று. ஓடையிலிருந்து 60 மீட்டருக்கு மேல் தள்ளி, பையிலோ பாத்திரத்திலோ நீர் எடுத்துச் சென்று அலசி, அந்த நீரை மண்ணில் கொட்டுங்கள். எளிதில் மட்கும் சோப்பையும் ஓடையில் கலக்கக் கூடாது.

கேள்வி: பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

உண்டு அம்மா. ஈரமும் இறுக்கமும் சேர்ந்தால் பூஞ்சைத் தொற்றுக்கு வழியாகும். ஆகவே கவட்டில் அகலமான துணித்துண்டு உள்ளதை, இறுக்கிப் பிடிக்காத அளவில் தேர்ந்தெடுங்கள். தொடை உரசும் உடல்வாகு என்றால் பெண்களுக்கான நீளக்கால் வெட்டும் கிடைக்கிறது; சிறிய வெட்டு மட்டுமே பெண்களுக்கு உரியது என்று எண்ண வேண்டாம். கூடாரத்தை அடைந்ததும் முதல் வேலையாக உலர்ந்ததற்கு மாறுங்கள். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் இருந்தால் அடுத்த ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அதோடு நடக்கக் கூடாது.

கேள்வி: ஊருக்குள் வரும்போது சலவை இயந்திரத்தில் போடலாமா?

இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை, இழையின் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்காதபடி பதப்படுத்தப்பட்டவை. 30 டிகிரி நீரில் போடலாம். உலர்த்தும் இயந்திரத்தில் மட்டும் மற்றத் துணிகளோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். குளோரின் பிளீச் கம்பளியை அரித்துவிடும். கம்பளி ஒரு புரதம் என்பதால், புரதக் கறையை நீக்கும் நொதி கலந்த சலவைத்தூளும் அதைச் சிதைக்கும். துணி மென்மையாக்கியும் வேண்டாம்.

கேள்வி: ஆடுகளின் வால்புறத் தோலை வெட்டி எடுக்கும் வழக்கம் பற்றிப் படித்தேன். அதைத் தவிர்த்து வாங்க முடியுமா?

முடியும். ஈப்புழுத் தாக்குதலைத் தடுக்க ஆஸ்திரேலியாவில் பின்பற்றப்படும் முறை அது. நியூசிலாந்து 2018இல் அதற்குத் தடை விதித்தது. நியூசிலாந்து மெரினோ நிறுவனத்தின் இசட்.கியூ. (ZQ) சான்றோ, பொறுப்பான கம்பளி உற்பத்திக்கான ஆர்.டபிள்யூ.எஸ். (RWS) சான்றோ உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: விலை மிகவும் கூடுதலாக இருக்கிறதே. மூன்றையும் ஒன்றாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஒன்று மட்டும் வாங்கி, பயணத்தில் சுமக்கப் போகும் எடையோடு, வியர்க்கும் நாளொன்றில் நீண்ட தூரம் நடந்து பாருங்கள். அளவும் தையலும் பொருந்தினால் அதே வகையில் மற்ற இரண்டையும் வாங்குங்கள். கூடவே ஓர் ஊசியும் நைலான் நூலும் எடுத்துச் செல்லுங்கள்; ஓட்டை மிளகளவு இருக்கும்போதே தைத்துவிட்டால் மெரினோ இன்னும் பல நூறு கிலோமீட்டர் உழைக்கும்.