கேளுங்கள், பதில் உண்டு: 21 நாளும் பத்தாயிரம் அடியும்

கேள்வி: ஒரு பழக்கத்தை 21 நாள் விடாமல் செய்தால் படிந்துவிடுமாமே? காலை நடையை ஒழுங்காகத்தான் தொடங்கினேன். நடுவில் ஒரு நாள் விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமா?

பதில்: எண்ணுவதை முதலில் நிறுத்துங்கள். அந்த 21-இன் பூர்வீகம் வேறு. அறுவைக்குப் பின் மாறிய முகம் நோயாளிக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதினார். 'குறைந்தது' வழியில் உதிர்ந்தது, முகமும் உதிர்ந்தது. எண் மட்டும் இன்னும் உலா வருகிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரை வைத்துச் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னால் நடக்கும் அளவுக்குப் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை ஆகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் குடிமுழுகிவிடவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது.

அவர்கள் செய்த இன்னொன்றைக் கவனியுங்கள். காலை உணவு முடிந்ததும் என்பதுபோல, தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு புதிய வேலையை முடிச்சுப் போட்டார்கள். 'நேரம் கிடைக்கும்போது நடப்பேன்' என்பவருக்கு நேரம் கிடைத்து நான் பார்த்ததில்லை. மைதானத்தில் விசில் ஊதியே நரைத்தவன் சொல்கிறேன். பல் துலக்கியதும் ஷூவுக்குள் கால் போகட்டும். அசதியாக இருக்கிறதா? தெருமுனைவரை போய்த் திரும்புங்கள். அன்றைக்கு அது போதும்.

கேள்வி: தினமும் பத்தாயிரம் அடி எட்டவே முடியவில்லை. ஆறாயிரத்தில் நின்றுவிடுகிறேன். பயனில்லையா?

பதில்: யார் சொன்னது? 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்தவர்கள் சூட்டிய எண் அது. மருத்துவர் எழுதிக் கொடுத்ததல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்றும் சொன்னது. அதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். கை வைக்காத நாற்காலியில் நுனியில் உட்காருங்கள். கைகளை மார்பில் கட்டி, பாதத்தை ஊன்றி எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெல்ல இறங்குங்கள். இறங்கும் அந்த நேரத்திலும் தொடை உழைக்கிறது. முழங்கால் வலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: இரவில் அரைமணி நேரம் படிக்கிறேன். காலையில் ஒன்றும் நினைவில் இல்லை.

பதில்: புத்தகத்தை மூடிய பிறகு என்ன செய்கிறீர்கள்? படுத்துவிடுகிறீர்கள், அதுதானே! அடிக்கோடு போடுவது படித்த திருப்தியைத் தரும், அவ்வளவுதான். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். புத்தகத்தை மூடிய கையோடு ஒரு வெற்றுத்தாளில் நினைவிருப்பதைக் கிறுக்குங்கள். மறுநாள் திறக்கும் முன்னும் ஒருமுறை. எரிச்சலாகத்தான் இருக்கும்.

கேள்வி: 'நல்லதையே நினை' என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

பதில்: எனக்கும் வரும். வாரத்தில் ஒரு நாள், நன்றாக நடந்த சிலவற்றை எழுதிவையுங்கள். தினமும் வேண்டாம், சடங்காகிவிடும். ஆனால் இரண்டு வாரமாக மனம் சோர்ந்தே கிடக்கிறது, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால் நோட்டுப் புத்தகத்தை நம்ப வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: விடியற்காலை நாலு மணிக்கு எழுவது நல்லதா?

பதில்: எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்பதை எழுதவே இல்லையே! ஏழு மணி நேரத் தூக்கம் கணக்கில் வந்தால் எழுந்திருங்கள்.