ஆக்கஸ்: ஒரே மொழி பேசினால் போதுமா?

வணக்கம் சார்,

ஆஸ்திரேலியா 2021இல் பிரான்ஸுடனான நீர்மூழ்கிக் கப்பல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, அமெரிக்கா, பிரிட்டனுடன் ஆக்கஸ் கூட்டில் சேர்ந்தது பற்றி எங்கள் அலுவலகத்தில் பெரிய வாக்குவாதம். “இவர்கள் மூவரும் ஒரே மொழி, ஒரே இனம். தங்களுக்குள் எதையும் மறைக்க மாட்டார்கள். பிரான்ஸ் நேட்டோவில் இருந்தாலும் வெளியாள்தான்” என்கிறார் நண்பர். எனக்கும் அது சரியென்றே படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அந்தக் கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்கு உண்மையில் கிடைக்குமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

நண்பர் சொல்வது பாதிகூட உண்மை இல்லை என்றுதான் நினைக்கிறேன். இந்த மூன்று நாடுகளும் ஒருவரிடம் ஒருவர் மறைத்த கதைதான் நீளமானது.

1940 செப்டம்பரிலிருந்து தொடங்கலாம். பிரான்ஸ் வீழ்ந்துவிட்டது, பிரிட்டன் தனியாக நிற்கிறது. விஞ்ஞானி சர் ஹென்றி டிசார்ட் தலைமையிலான ஒரு பிரிட்டிஷ் குழு தன் நாட்டின் ராணுவ ரகசியங்களை எடுத்துக்கொண்டு அமெரிக்கா போகிறது. அதில் முக்கியமானது ரேடாருக்கான நுண்ணலைகளை உண்டாக்கும் கேவிட்டி மேக்னட்ரான். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அதை முதன்முதலாக இயக்கியிருந்தார்கள். கையில் தூக்கிவிடக்கூடிய ஒரு செப்புக் கருவி, 10 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அதுவரை யாராலும் எட்ட முடியாத திறனைக் கொடுத்தது. விமானத்துக்குள் வைக்கிற அளவுக்குச் சிறிய, கூர்மையான ரேடார் அதனால்தான் சாத்தியமானது. பிரிட்டனிடம் அறிவு இருந்தது, வேண்டிய அளவுக்குச் செய்து குவிக்கத் தொழிற்சாலைகள் இல்லை. அதனால் விலை பேசாமல் கொடுத்தார்கள். சில வாரங்களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரேடார் ஆய்வுக்காக ரேடியேஷன் லேபாரட்டரி தொடங்கியது. பதிலுக்கு பிரிட்டன் ஆசைப்பட்ட நார்டன் என்ற, விமானத்திலிருந்து குண்டு வீசக் குறிபார்க்கும் கருவியை அமெரிக்கா அப்போது கொடுக்கவில்லை.

அப்புறம் அணுகுண்டு. 1943 ஆகஸ்டில் கனடாவின் கியூபெக்கில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் சேர்ந்து குண்டு செய்ய ஒப்பந்தம் போட்டார்கள், பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வுக்கூடமான லாஸ் அலமோஸுக்குப் போனார்கள். போர் முடிந்து ஓராண்டுக்குள், 1946 ஆகஸ்டில், அமெரிக்காவில் மக்மஹன் சட்டம் வந்தது. அணு ஆயுத விவரங்களை எந்த வெளிநாட்டுக்கும் தரக் கூடாது, கூட உழைத்த பிரிட்டனுக்கும்கூட. கியூபெக் ஒப்பந்தம் ரகசியம் என்பதால் அமெரிக்கக் காங்கிரஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. போருக்குப் பிறகும் ஒத்துழைப்போம் என்று இரு தலைவர்களும் 1944இல் எழுதிவைத்த குறிப்பின் அமெரிக்கப் பிரதி, ரூஸ்வெல்ட்டின் கடற்படை உதவியாளருடைய கோப்புகளுக்குள் போய்த் தொலைந்திருந்தது. அணுகுண்டுத் திட்டத்தின் மறைபெயர் ‘டியூப் அலாய்ஸ்’. கப்பல் குழாய் சமாச்சாரம் என்று யாரோ நினைத்துவிட்டார்கள். இரண்டு பெரிய மனிதர்களின் நட்பை மட்டும் நம்பி நடக்கிற பாதுகாப்பு ஒத்துழைப்பின் கதி இதுதான். அவர்கள் போனதும் காகிதத்தைக்கூடத் தேட வேண்டியிருக்கிறது.

பிரிட்டன் தானே குண்டு செய்தது. 1952 அக்டோபர் 3 அன்று அதை வெடித்த இடம் ஆஸ்திரேலியாவின் மாண்டிபெல்லோ தீவுகள். தொடர்ந்து எமு ஃபீல்ட், மரலிங்கா. 1957க்குள் மொத்தம் 12 பெரிய சோதனைகள். நிலத்தையும் ஆட்களையும் ஆஸ்திரேலியா கொடுத்தது, அங்கே வாழ்ந்த பழங்குடி மக்கள் கதிர்வீச்சையும் இடப்பெயர்வையும் சுமந்தார்கள். ஆனால் குண்டின் வடிவமைப்பு விவரங்களை பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்குச் சொல்லவில்லை. அமெரிக்கா மறுபடி தன்னோடு பேச வேண்டும், அதற்கு யாரிடமும் ரகசியத்தைக் கசியவிடாதவன் என்ற பெயர் வேண்டும் என்பது பிரிட்டனின் கணக்கு. ஒரே மொழி, ஒரே அரசி, எதுவும் உதவவில்லை. இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அமெரிக்கா இறங்கிவந்தது எப்போது? 1957இல் பிரிட்டன் ஹைட்ரஜன் குண்டு வெடித்துக் காட்டியது, அதே ஆண்டு சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த வருடம் ஜூலை 3 அன்று அமெரிக்க-பிரிட்டிஷ் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டனின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான ட்ரெட்நாட்டுக்கு அமெரிக்க அணு உலையே கிடைத்தது. பிரிட்டனிடமும் ஏதோ இருக்கிறது, எதிரியும் முந்துகிறான் என்ற நிலை வந்த பிறகுதான் சட்டம் திருத்தப்பட்டது. 1946இல் இருந்த அதே உறவுதான் 1958இலும் இருந்தது.

இப்போது ஆக்கஸ். பிரான்ஸ் வெளியாள் என்பதால் கழற்றிவிடப்பட்டது என்று சொல்வது பொருந்தாது. ஆஸ்திரேலியா அதனிடம் 12 டீசல்-மின் நீர்மூழ்கிகளைக் கேட்டிருந்தது. பிறகு சீனக் கடற்படையின் வளர்ச்சியைப் பார்த்து, வெகுதூரம் போய் நீண்ட நாள் மூழ்கியிருக்கும் அணுசக்திக் கப்பல்தான் வேண்டும் என்று மனதை மாற்றிக்கொண்டது. அதைப் பிரான்ஸிடம் நேராகச் சொல்லாமல் மாதக்கணக்கில் முதுகுக்குப் பின்னால் பேசியது தவறு. பாரிஸ் தன் தூதர்களைத் திரும்ப அழைத்ததில் நியாயம் இருக்கிறது. கடைசியில் 55.5 கோடி யூரோ நஷ்டஈடு கொடுத்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் கையில் இந்த முறை இருப்பது இடமும் பணமும். பெர்த் அருகே ஸ்டிர்லிங் தளத்தில் 2027 முதல் அமெரிக்க, பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் சுழற்சி முறையில் வந்து தங்கப்போகின்றன. இந்தியப் பெருங்கடல் பக்கம் அப்படியொரு தளம் அமெரிக்காவுக்கு லேசில் கிடைக்காது. அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களை விரிவாக்கவும் ஆஸ்திரேலியா பணம் கட்டுகிறது, முதல் தவணையாக 2025 தொடக்கத்தில் 50 கோடி அமெரிக்க டாலர்.

சரி, கப்பல் கிடைக்குமா? 2023 மார்ச்சில் சான் டியேகோவில் அறிவித்தபடி 2030களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா வகை அணுசக்தி நீர்மூழ்கிகள் மூன்று, வேண்டுமென்றால் இன்னும் இரண்டு. ஆனால் அமெரிக்கா இப்போது ஆண்டுக்குச் சராசரியாக 1.2 கப்பல்தான் கட்டுகிறது. தன் தேவைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சேர்த்து 2.33 வேண்டும். இதனால் அமெரிக்காவின் கடலடிப் படை பலவீனப்படாது என்று அமெரிக்க அதிபர் காங்கிரஸுக்குச் சான்று கொடுத்தால்தான் ஒரு கப்பலாவது கைமாறும், இது 2023இல் அவர்களே போட்ட சட்டம். எவ்வளவு நட்பான அதிபர் வந்தாலும், தன் கப்பற்படைக்கே பற்றாக்குறை இருக்கும்போது அந்தச் சான்றில் கையெழுத்துப் போடுவது கடினம். ஆகவே முதல் கப்பல் தாமதமாகும் என்றே எதிர்பார்க்கிறேன், மூன்றும் வந்துசேருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. தலைவர்கள் கைகுலுக்கும் படங்களை விட்டுவிட்டு, அமெரிக்க நீர்மூழ்கிகள் கட்டப்படும் கிராட்டனிலும் நியூபோர்ட் நியூஸிலும் ஆண்டுக்கு எத்தனை நீர்மூழ்கி வெளியே வருகிறது என்பதை நண்பரைக் கவனிக்கச் சொல்லுங்கள்.